ஸ்கூலும் ஸ்போர்ட்ஸும் சேர்ந்து பசங்களை அழுத்துதே, டைம் டேபிள் போட்டா சரியாயிடுமா?

பெரிய லெவல்ல விளையாடுற டீனேஜ் பசங்க படிப்பையும் சேர்த்து பாத்துக்கறப்போ வர்ற ஸ்ட்ரெஸ்ஸை எப்படி குறைக்கறது, நல்லா ஒரு டைம் டேபிள் போட்டுக் கொடுத்தா போதுமான்னு கேட்டிருக்கீங்க. டைம் டேபிள் அவங்ககிட்ட ஏற்கனவே மூணு இருக்குங்க. கோச் ஒண்ணு போட்டிருப்பார், ஸ்கூல் ஒண்ணு, வீட்ல ஃப்ரிட்ஜ் மேல ஒண்ணு. மூணையும் பக்கத்துல வெச்சு கூட்டிப் பாக்க ஆள் இல்ல, பிரச்சனை அங்கதான்.

நான் ஸ்கூல் படிக்கறப்போ ஜூனியர் லெவல்ல நீந்தினவன், இப்போ சில வருஷமா சின்ன பசங்களுக்கு கோச். எனக்கு 15 வயசு இருக்கும், காலைல கெமிஸ்ட்ரி பரீட்சை, சாயங்காலம் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை நீச்சல்ல ஹீட்ஸ், அதாவது முதல் சுற்று. குதிக்கற மேடைக்கு பின்னாடி நிக்கறேன், நீச்சல் கண்ணாடிக்குள்ள தண்ணி. இன்னும் தண்ணிலயே இறங்கல, எங்கேருந்து வருதுன்னு புரியாம ரெண்டு தடவை கழட்டி மாட்டினேன், கோச் தூரத்துலேருந்து "ஸ்ட்ராப்பை டைட் பண்ணுடா"ன்னு கத்தறார். அழுதுட்டு இருந்திருக்கேன், அது எனக்கே தெரியல. நீச்சல்ல இது ஒரு வசதி, அழுதா யாருக்கும் தெரியாது. கோச் ஆனப்புறம் என்னை ரொம்ப பயமுறுத்தறதும் அதேதான்.

உடம்புக்கு இது கெமிஸ்ட்ரி டென்ஷன், இது ப்ராக்டிஸ் டென்ஷன்னு பிரிச்சு வெச்சுக்கத் தெரியாது, எல்லாம் ஒரே கணக்குலதான் ஏறும். அமெரிக்கால மிசௌரி யுனிவர்சிட்டியோட அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல 101 பேரை ஒரு சீசன் முழுக்க ஃபாலோ பண்ணிப் பாத்தாங்க, பரீட்சை நெருக்கற வாரங்கள்ல காயம் படறது நல்லாவே கூடியிருந்துச்சு. அவங்க காலேஜ் பசங்க, நல்லா வளர்ந்த ஆளுங்க. 13 வயசுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

பெத்தவங்க நல்ல எண்ணத்தோட பண்ற ஒரு தப்பு இருக்கு, அதை நான் வருஷா வருஷம் பாக்கறேன். பெரிய மீட்டுக்கு, அதாவது நீச்சல் போட்டிக்கு, முன்னாடி டேப்பர்னு ஒண்ணு வைப்போம், சுமாரா 2 வாரம், நீந்தற தூரத்தை பாதி அளவுக்குக் குறைச்சு வேகத்தை மட்டும் விடாம வெச்சுப்போம், அதுவரைக்கும் சேர்ந்த அலுப்பெல்லாம் அப்பதான் இறங்கும். கரெக்டா அந்த வாரம் பாத்து வீட்ல என்ன சொல்வாங்கன்னா "இப்ப ப்ராக்டிஸ் கம்மிதானே, விட்ட பாடத்தையெல்லாம் முடிச்சுடு", உடனே எக்ஸ்ட்ரா டியூஷன். அப்புறம் மீட்ல டைமிங் வரலன்னா டேப்பர் சரியில்லன்னு என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. அந்தப் பிள்ளைக்கு டேப்பரே கிடைக்கலங்க, குளத்துல நான் குறைச்சதை மேஜைல உக்கார வெச்சு நிரப்பிட்டாங்க.

அதனால நான் இப்ப ஒரு நோட்டு வெக்கச் சொல்றேன். கோச்சுங்க ஏற்கனவே பண்ற கணக்குதான், ப்ராக்டிஸ் எத்தனை நிமிஷம், 10க்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு, ரெண்டையும் பெருக்கணும். 120 நிமிஷம், கஷ்டம் 7, அப்போ 840. இதோட ஸ்கூல் நாளுக்கும் 10க்கு ஒரு மார்க் போடச் சொல்வேன், இது என் சொந்தச் சரக்கு, சயின்ஸ்னு சொல்லிக்க மாட்டேன். கூடவே தூங்கின நேரம். ஒரு நாளைக்கு மூணே நம்பர்தான். ஒரு மாசம் எழுதினா எந்த வாரம் பிள்ளை உடையப் போகுதுன்னு முன்கூட்டியே தெரிய ஆரம்பிச்சுடும், அந்த வாரம் நான் ப்ராக்டிஸ்ல ஒரு செட்டை வெட்டிடுவேன், வீட்ல ஒரு டியூஷனை வெட்டணும். இதான் டீல்.

தூக்கத்தைப் பத்தி கொஞ்சம் நீட்டிதான் சொல்லணும், மத்ததெல்லாம் அப்புறம். என் குரூப்ல ஒரு 14 வயசுப் பொண்ணு, 200 மீட்டர்ல திடீர்னு 3 செகண்ட் அதிகமாகிடுச்சு, குறையவே மாட்டேங்குது. மனசு வீக்காயிடுச்சு, கவுன்சிலிங் கூட்டிட்டுப் போலாமான்னு அவங்கம்மா கேட்டாங்க. உக்காந்து ஒரு நாளை எழுதினோம். 4:30க்கு அலாரம், 5:15க்கு தண்ணில, 7:15க்கு ஏறி ஈரத் தலையோட ஸ்கூல், சாயங்காலம் மறுபடி 2 மணி நேரம், வீட்டுக்கு வந்து சாப்ட்டு ஹோம்வொர்க் முடிக்க 11. கணக்கு பாருங்க, அஞ்சரை மணி நேரம். 13லேருந்து 18 வயசு வரைக்கும் 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேணும்னு அமெரிக்கன் தூக்க மருத்துவ அகாடமி 2016லயே சொல்லியாச்சு. லாஸ் ஏஞ்சலஸ்ல ஸ்கூல் பசங்களை வெச்சுப் பண்ண ஒரு ஆய்வு 2014ல வந்துச்சு, அதுல 8 மணி நேரத்துக்குக் கம்மியா தூங்கினவங்களுக்கு காயம் படற வாய்ப்பு 1.7 மடங்கு. வாரத்துல ரெண்டு காலை செஷனை நானே நிறுத்தினேன். க்ளப்ல எனக்கு செம திட்டு, அது தனிக் கதை.

ஸ்கூல் விஷயத்துல ஒண்ணே ஒண்ணுதான். மீட் தேதியெல்லாம் சீசன் ஆரம்பத்துலயே வந்துடும், அன்னைக்கே காலண்டரை எடுத்துட்டுப் போய் கிளாஸ் டீச்சரைப் பாருங்க. போயிட்டு வந்தப்புறம் லீவ் லெட்டர் நீட்டினா எந்த டீச்சருக்கும் எரிச்சல்தான் வரும், முன்னாடியே கேட்டா பாதிப் பேராவது ஒரு வழி பண்ணித் தருவாங்க.

அடுத்தது, இந்தப் பிள்ளைங்க தங்களை என்னவா நினைச்சுக்கறாங்கங்கறது. மைக்கேல் ஃபெல்ப்ஸை எடுத்துக்கோங்க, 15 வயசுல சிட்னி ஒலிம்பிக்ஸ், கடைசில 23 தங்கம். அவரே வெளிப்படையா சொல்லியிருக்கார், 2012 ஒலிம்பிக்ஸுக்கு அப்புறம் உயிரோட இருக்கவே வேணாம்னு தோணுச்சுன்னும், தன்னை ஒரு மனுஷனா பாக்காம நீச்சல்காரனா மட்டுமே பாத்துட்டு இருந்தேன்னும். அத்தனை தங்கம் ஜெயிச்சவருக்கே அப்படின்னா, ஹீட்ஸ்லயே வெளிய வர்ற பிள்ளைக்கு அந்த ஒரு அடையாளமும் போச்சுன்னா கையில வேற என்ன இருக்கும்? டென்னிஸ்ல ஜெனிஃபர் கேப்ரியாட்டி 1990ல 13 வயசுலயே ப்ரோ ஆயி, சில வருஷத்துலயே களைச்சு விலகினப்புறம்தான் 1995ல சின்னப் பொண்ணுங்க எத்தனை டோர்னமென்ட் ஆடலாம்ங்கற விதியை இன்னும் கடுமையாக்கினாங்க. பெரியவங்களா பாத்து நிறுத்தினாதான் உண்டு, பிள்ளைங்க தானா நிறுத்த மாட்டாங்க, அவங்களுக்கு அது பிடிச்சிருக்கே.

அதனால கார்ல வீட்டுக்குப் போற அந்த அரை மணி நேரத்துல ரேஸ் பத்திப் பேசாதீங்க. "ஏன் டர்ன் லேட்டாச்சு"ன்னு கேக்க நான் ஒருத்தன் இருக்கேன், அதுக்குத்தானே சம்பளம். பிள்ளையா ஆரம்பிச்சா கேளுங்க, இல்லன்னா பாட்டைப் போட்டுட்டு ஓட்டுங்க.

சில விஷயத்தை மட்டும் "ஸ்போர்ட்ஸ்னா அப்படித்தான்"னு விட்டுடாதீங்க. ப்ராக்டிஸ் கிளம்பற நேரம் பாத்து அடிக்கடி வயித்து வலி, சளி விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப வர்றது, பொண்ணுங்களுக்கு பீரியட்ஸ் நின்னு போறது, இதெல்லாம் இருந்தா டாக்டர்கிட்ட போங்க. பீரியட்ஸ் நிக்கறது நல்லா ட்ரெயின் பண்றதுக்கு அடையாளம்னு சொல்ற கோச்சுங்க இன்னும் இருக்காங்க. செலவாகற சக்திக்கு ஏத்த சாப்பாடு உள்ள போகாதப்போ அப்படி ஆகும், எலும்பு வரைக்கும் பாதிக்கும். வாழவே பிடிக்கலங்கற மாதிரி ஒரு வார்த்தை வாயில வந்தா அன்னைக்கே போகணும், மீட் முடியட்டும்னு காத்திருக்கவே கூடாது.

அந்தப் பொண்ணைப் பத்தி கேப்பீங்க. 3 செகண்ட்ல ஒண்ணரைதான் திரும்பி வந்துருக்கு, மீதி வருமான்னு தெரியல. ஆனா போன வாரம் காலை செஷன்ல சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்து லேன் பொண்ணோட கதை பேசிட்டு இருந்தா, செட் ஆரம்பிச்சு 10 செகண்ட் ஆகியும் ரெண்டு பேரும் கிளம்பல. நான் விசில் ஊதாம கொஞ்ச நேரம் விட்டுட்டேன்.