வேறு மனிதர்கள் நடுவே வாழ ஆசைப்படும் வாசகிக்கு

கேள்வி: எனக்கு 29 வயது. ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே உலக வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். எத்தனை நிறம், எத்தனை மொழி, எத்தனை விதமான மனிதர்கள்! அவர்கள் நடுவே சில வருடங்களாவது வாழ வேண்டும் என்று ஆசை. சம்பளத்துக்காக இல்லை. வீட்டில் சொன்னால், "ஊர் சுற்றும் ஆசை, தானாகப் போய்விடும்" என்கிறார்கள். என் தோழியோ, "எங்கே போனாலும் மனுஷங்க ஒண்ணுதான், இதுக்குப் போய் இவ்வளவு தூரமா?" என்று கேட்கிறாள். அவள் சொல்வது சரியா? இந்த வயதிலும் இந்த ஆசையை வைத்திருப்பது தப்பா? எந்த நாடு எனக்குப் பொருந்தும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் "சம்பளத்துக்காக இல்லை" என்ற வரியை இரண்டு முறை படித்தேன். பணம் சம்பாதிக்கப் போகிறேன் என்பவரிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மனிதர்களைத் தெரிந்துகொள்ளப் போகிறேன் என்பவர்தான் எல்லோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. இது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பே இல்லை. மிக நல்ல ஆசை.

உங்கள் தோழி சொல்வதில் உண்மை இருக்கிறது, அவர் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. உலகத்தில் எந்த இரண்டு பேரை எடுத்தாலும் மரபணு வரிசை ஏறத்தாழ 99.9 சதவீதம் ஒன்றுதான். ரிச்சர்ட் லெவான்டின் என்ற அமெரிக்க மரபியலாளர், மீதியிருக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதை ரத்த வகைகளையும் புரதங்களையும் வைத்து 1972-ல் கணக்கிட்டார். அதில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. நிறமும் முகவெட்டும் கண்ணில் படுவதால் அவற்றைப் பெரிதாக எண்ணுகிறோம். அந்த வகையில் பார்த்தால், பலவிதமான மனிதர்களைக் காண நீங்கள் விமானம் ஏற வேண்டியதில்லை.

ஆனாலும் நீங்கள் போக வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். காரணம் உடம்பில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது.

2009-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் ஆய்வு நிலையத்தினர் உலகின் பல மூலைகளிலிருந்து 10 மொழிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றைக் கேட்டால், மற்றவர் பதில் சொல்ல எத்தனை நேரம் எடுக்கிறார் என்று அளந்தார்கள். ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் ஏறிவிடாமலும், நடுவில் மௌனம் நீண்டுவிடாமலும் பார்த்துக்கொள்வது பத்து மொழிகளுக்கும் பொதுவாக இருந்தது. மிக விரைவாகப் பதில் வந்தது ஜப்பானிய மொழியில். மிகவும் தாமதமாக வந்தது டேனிஷ் மொழியில். இரண்டுக்கும் இடையே இருந்த சராசரி வித்தியாசம் அரை வினாடிக்கும் குறைவு.

அரை வினாடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நான் வெளிநாட்டில் படித்த காலத்தில் விடுதியின் பொதுச் சமையலறையில் பல நாட்டு மாணவர்கள் உட்கார்ந்து பேசுவோம். எங்களில் ஒரு பெண், அடுத்தவர் முழுக்கச் சொல்லி முடித்த பிறகே வாய் திறக்கும் பழக்கத்தில் வளர்ந்தவள். அவள் காத்திருந்த அந்தச் சின்ன இடைவெளி அங்கே ஒருநாளும் கிடைக்கவில்லை. யாராவது அதற்குள் புகுந்துவிடுவார்கள். அவளுக்குச் சொந்தக் கருத்தே கிடையாது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். இவர்களுக்கு மரியாதையே தெரியாது என்று அவள் நினைத்தாள். தனியாகப் பேசிப் பார்த்தபோது, எங்கள் எல்லோரையும்விட அவள்தான் ஆழமாக யோசித்திருந்தாள். எந்தப் பக்கமும் கெட்ட எண்ணம் இல்லை. நேரம் மட்டும் கொஞ்சம் பிசகியிருந்தது.

மனிதர்களுக்குள் இருக்கும் வேறுபாட்டில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான் என்று நான் நம்புகிறேன். அளந்தால் அற்பம், அனுபவிக்கும்போது மலை. எவ்வளவு நெருங்கி நின்று பேசலாம், முடியாது என்பதை எப்படிச் சொல்வது, சிரிப்பு எப்போது நட்பு, எப்போது வெறும் சங்கடம் என்பதையெல்லாம் யாரும் நமக்குப் பாடமாகச் சொல்லித் தந்ததில்லை. அதனால் நம்முடையதையே இயற்கை என்று எடுத்துக்கொண்டு விடுகிறோம். வேறு விதமாக வளர்ந்தவர்களோடு தினமும் புழங்கினால்தான் இது நாம் கற்றுக்கொண்டது என்பதே நமக்கு உறைக்கும். பத்து நாள் சுற்றுலாவில் இது கிடைக்காது. வாடகை வீடு தேடி, வேலை பார்த்து, காய்ச்சலில் படுத்து, யாரிடமாவது உதவி கேட்டு வாழும்போதுதான் கிடைக்கும். ஆகவே தோழியிடம் சொல்லுங்கள்: மனிதர்கள் ஒன்றுதான், அதைத் தெரிந்துகொள்ளத்தான் போகிறேன் என்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் முழுவதிலும் நீங்கள் பார்ப்பவராகவே இருக்கிறீர்கள். அங்கே போய் இறங்கிய நாளிலிருந்து நீங்கள் பார்க்கப்படுபவர். உங்கள் பெயரைச் சரியாக உச்சரிக்க ஆளிருக்காது. உங்கள் முகத்தை வைத்து உங்களைப் பற்றி முன்கூட்டியே முடிவு செய்பவர்கள் இருப்பார்கள், சிலர் அதை வாய்விட்டும் சொல்வார்கள். இதுவரை கூட்டத்தோடு கூட்டமாக இருந்தவருக்கு இது வலிக்கும். இதைச் சொல்லி உங்களைத் தடுக்க நான் நினைக்கவில்லை. சிறுபான்மையாக இருப்பது எப்படி என்று ஒருமுறை உள்ளிருந்து உணர்ந்தவர், பிறகு தன் சொந்த ஊரிலும் யாரையும் பழைய கண்ணால் பார்க்க மாட்டார் என்பது என் அனுபவம். இந்தப் பயணத்தில் ஆகச் சிறந்த வரவு இதுதான்.

தனிமைக்கும் ஒரு காலம் உண்டு. அமெரிக்காவுக்கு உதவித்தொகையில் போய்த் திரும்பிய 200 நார்வே நாட்டவரிடம் ஸ்வெர்ரே லிஸ்கோர்ட் என்ற சமூகவியலாளர் பேசி, 1955-ல் எழுதினார். 6 மாதத்துக்குள் திரும்பியவர்களும் 18 மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். நடுவில், 6 மாதத்திலிருந்து 18 மாதம் வரை தங்கியவர்கள்தான் அதிகம் தடுமாறியிருந்தார்கள். எல்லோருக்கும் இப்படியே நடப்பதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. சிலருக்கு முதல் வாரமே மிகக் கடினமாக இருக்கிறது. இருந்தாலும் ஒன்று நினைவிருக்கட்டும். புதுமை தீர்ந்து, நட்பு இன்னும் கூடாத அந்த நடுப்பருவத்தில் "வந்தது தப்பு" என்று தோன்றினால், அன்றைக்கே முடிவெடுக்காதீர்கள்.

எந்த நாடு என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு எந்த வாசல் திறக்கிறது என்பதைப் பொறுத்தது. வாசல்கள் மூன்று, நான்குதான்: படிப்பு, வேலை, தன்னார்வப் பணி, பிறகு "வொர்க்கிங் ஹாலிடே" என்ற விசா. கடைசியாகச் சொன்னதை இன்றே பாருங்கள். இரண்டு நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டு, இளைஞர்கள் பெரும்பாலும் ஒரு வருடம் தங்கி, செலவுக்கு வேலையும் பார்த்துக்கொள்ள அனுமதிப்பது அது. பல ஒப்பந்தங்களில் வயது வரம்பு 18 முதல் 30 வரை, சிலவற்றில் 35 வரை. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு எந்த நாட்டோடு அப்படி ஒப்பந்தம் இருக்கிறது என்பது அந்தந்த அரசின் குடிவரவு இணையதளத்தில் இருக்கும். ஏஜென்ட் வாய்மொழியை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். "இந்த வயதிலா" என்று கேட்கிறீர்கள். உங்கள் வயதைக் குறித்து நான் கவலைப்படும் ஒரே இடம் இந்த விசாவின் வயது வரம்புதான்.

சுற்றுலா விசாவில் போய் அங்கேயே வேலை தேடிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் குறுகிய கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். அதை மீறினால் அடுத்த முறை அங்கே நுழைவதே சிரமமாகிவிடும்.

நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அழகான படங்களை ஒதுக்கிவிட்டு, அங்கே ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம் உங்களுக்குத் தாங்குமா? கணக்கு வேலை அனுபவத்தை அங்கே ஏற்பார்களா, அல்லது மறுபடி தேர்வு எழுதச் சொல்வார்களா? ஆங்கிலத்தை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் ஊர்களிலும், உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் சிரித்துப் பேசுவது அவர்கள் மொழியில்தான். நீங்கள் கேட்கப் போவதே அந்தப் பேச்சை. ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் வைத்திருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் மூன்றாவது நிலையான பி1 வரையாவது வந்துவிடுங்கள். வேலை பார்த்துக்கொண்டே படித்தால் இதற்கு ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம், ஆகட்டும். மொழி வகுப்பின் நடுவிலேயே ஆர்வம் வற்றிவிட்டால், அதுவும் பெரிய செலவில்லாமல் கிடைத்த பதில்தான்.

வீட்டில் "போகட்டுமா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரு காகிதத்தோடு போய் உட்காருங்கள். எந்த விசா, எத்தனை மாதம், எவ்வளவு செலவு, அங்கே உடம்பு சரியில்லாமல் போனால் என்ன காப்பீடு, எந்த மாதம் திரும்பி வருவீர்கள் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். ஆசை என்று சொன்னால் தானாகப் போய்விடும் என்பார்கள். தேதி போட்ட திட்டத்தைப் பார்த்தால் கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டால் பாதி சம்மதம் வந்துவிட்டது. உங்கள் அம்மா அப்பாவின் பயத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐ.நா.வின் கணக்குப்படி 2024-ல் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்ந்தவர்கள் சுமார் 30 கோடியே 40 லட்சம் பேர். கேட்கப் பெரிய எண், ஆனால் உலக மக்கள்தொகையில் அது 3.7 சதவீதம்தான். உங்கள் அம்மா அப்பாவுக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் போகாதவர்கள். பயப்படாமல் என்ன செய்வார்கள்?

கடைசியாக, திரும்பி வருவதற்கான டிக்கெட் பணத்தையும் வந்த பிறகு மூன்று மாதச் செலவையும் தனிக் கணக்கில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். என்ன நடந்தாலும் அதைத் தொடாதீர்கள்.