நாணயம் மறையும்போது கண் எங்கே?

கேள்வி: விநாயகர் சதுர்த்திக்கு எங்கள் கட்டிடத்துப் பிள்ளைகளுக்கு நாணயத்தை மறைத்துக் காட்டலாம் என்று பழகுகிறேன். அக்கா மகன் ஒவ்வொரு தடவையும் “மாமா, அந்தக் கையில இருக்கு” என்று பிடித்துவிடுகிறான். எங்கே தப்பு?
– வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: பெரும்பாலும் கண்தான் காட்டிக்கொடுக்கும். பத்து ரூபாய் நாணயத்தை எடுங்கள், 27 மில்லிமீட்டர் அகலம், விரல் நுனியில் நன்றாக நிற்கும். இடது உள்ளங்கை மேலே பார்க்க, கட்டைவிரலும் நடுவிரலும் நாணயத்தின் ஓரத்தைப் பிடித்திருக்கட்டும். வலது கை எடுக்க வருகிறது, அதன் கட்டைவிரல் நாணயத்துக்கு அடியில் போகிறது, மற்ற விரல்கள் முன்னால் திரை போல மறைக்கின்றன, அந்த நொடியில் இடது கட்டைவிரலை லேசாகத் தளர்த்தினால் நாணயம் இடது விரல் மடிப்பிலேயே விழுந்துவிடும். வலது கை எதையோ எடுத்த மாதிரி மூடிக்கொண்டு விலகும். பிரெஞ்ச் டிராப் என்பது இதுதான்.

விலகும் வலது கையையே நீங்களும் பாருங்கள். நீங்கள் பார்க்கும் இடத்தைத்தான் பிள்ளைகளும் பார்ப்பார்கள். இடது கையை இறுக்காதீர்கள், சும்மா தொங்கட்டும். மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள், சத்தம் வரும்.

அப்புறம், கண்ணாடி முன்னால் நாணயத்தை நிஜமாகவே வலது கையில் பத்து இருபது தடவை எடுத்துப் பாருங்கள், பொய்யாக எடுப்பதும் அச்சு அசல் அப்படியே இருக்க வேண்டும்.

பிள்ளைகள் கீழிருந்து பார்ப்பார்கள், அதனால் நம் செப்படி வித்தைக்காரர்கள் மாதிரி தரையில் உட்கார்ந்து செய்யுங்கள். “இன்னொரு தடவை” என்று கெஞ்சினாலும் சரி, உடனே அதையே திருப்பிச் செய்ய வேண்டாம்.