அம்மா ஏன் பச்சரிசி மெல்கிறார்?

கேள்வி: எனக்கு வயது 28. ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் முடித்திருக்கிறேன். ஜெர்மனியில் மூன்று வருட வேலை கிடைத்திருக்கிறது. "கல்யாணத்தை முடித்துவிட்டுப் போ" என்கிறார் அம்மா. 49 வயதுதான், எந்நேரமும் அசதி என்று படுத்திருப்பார். எழுந்தால் பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டே புலம்புவார். என் வேலையின் அருமை வீட்டில் யாருக்கும் புரியவில்லை. நான் போகட்டுமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: மகளே, இந்தக் கல்யாணச் சண்டை எனக்கு வாரம் தவறாமல் வருகிறது. அது கிடக்கட்டும். அந்தப் பச்சரிசியைப் பற்றிச் சொல்.

நீ ரத்தம் படித்தவள். அரிசி, மண், சாம்பல், ஐஸ் என்று தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம் என்று உனக்கு நானா சொல்ல வேண்டும்? முன்பின் தெரியாதவர்களின் ரத்தத்தை வருடக்கணக்கில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாய். பெற்றவளின் ரத்தத்தை ஒரு தடவை பார்த்தாயா? அவர் அசதியைப் புலம்பலோடு சேர்த்து எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரை நீ அறிந்திருப்பாய். 1928-ல் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்குக் காரணம் தேடியவர். குன்னூரிலும், சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தவர். அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்துத் தேற்றினார். ரத்தம் ஊறத் தேவையான ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினுக்கு வழி திறந்தது அங்கேதான். உன் அம்மா எல்லாரும் சாப்பிட்ட பிறகு, சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடுகிறவரா? கவனித்திருக்கிறாயா?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. நாளைக் காலையே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால், இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதே. ரத்தம் எங்கே போகிறது? மாதவிடாயில் அதிகம் போகிறதா, கர்ப்பப்பையில் கட்டியா, குடலில் கசிவா என்று டாக்டர் பார்க்கட்டும். மாத்திரையை டீயோடு போட விடாதே.

ஜெர்மனிக்குப் போ. கல்யாணத்துக்காக ஒரு பெண் இந்த வேலையை விடுவதில் எனக்குச் சம்மதமே இல்லை. ஆனால் அம்மாவைப் படுக்கையில் போட்டுவிட்டு விமானம் ஏறுவதற்கும் என் சம்மதம் கிடையாது. டாக்டர் சொன்ன பிறகு டிக்கெட் போடு. ரிப்போர்ட் வந்ததும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லிக் கொடு. உன் வேலை என்ன என்று அவருக்கு அப்போது தெரியும். என்ன வந்தது என்று எனக்கும் எழுது.