கராஜ் பக்கம்: போயா லீவுக்குள் கேம்ஷாஃப்ட் மாற்றலாமா?

கேள்வி: அண்ணன், என் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது. வருகிற போயா (பௌர்ணமி) லீவில் வீட்டிலேயே மாற்றப் போகிறேன். முன்கூட்டியே என்னென்ன சேர்க்க வேண்டும்? – வாசகர், ஹட்டன்

பதில்: தம்பி, கேம்ஷாஃப்ட் (கேம்) மட்டும் வாங்கினால் காசு வீண். கேமில் உரசி வால்வை அழுத்தும் ராக்கர் ஆர்மின் முகத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் அதுவும் புதிது வேண்டும். இல்லாவிட்டால் புதுக் கேமையும் தின்றுவிடும். ஹெட் கவர் கேஸ்கட், ஒயில், வால்வ் இடைவெளி பார்க்க ஃபீலர் கேஜ் எல்லாம் வேண்டும். போல்ட்டை அளவாக இறுக்கும் டார்க் ரென்ச் விலை கூட, தெரிந்த மெக்கானிக் பாஸிடம் இரவல் கேளுங்கள். பாகம் வாங்க கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போவதென்றால் சேஸி நம்பர் கையில் இருக்கட்டும். அப்புறம், கம்பியும் பழந்துணியும்: கம்பியால் கேமைச் சுற்றும் டைமிங் செயினைத் தூக்கிக் கட்டி, துணியால் செயின் குழியை அடைத்துவிடுங்கள். உள்ளே ஒரு போல்ட் விழுந்தால், போயா அன்று ஊரெல்லாம் காந்தம் தேடி அலைய வேண்டியதுதான்.