அந்தக் கொடி பூசணி இல்லை, சுரை

எருக்குழி ஓரம் தானாக முளைத்த கொடி, அகன்ற இலை, மாலையில் விரியும் வெள்ளைப் பூ, பூசணியா என்று கேட்டிருந்தீர்கள். பூசணியின் பூ மஞ்சள், காலையில் மலரும். புடலைக்கும் வெள்ளைப் பூதான், ஆனால் இதழோரம் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். உங்களுடையது சுரை என்றே நினைக்கிறேன். இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள்: இரண்டு சிறிய சுரப்பிகள் புடைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பிடுங்காதீர்கள், பந்தல் போடுங்கள். ஆனால் தயவுசெய்து இதை மறக்காதீர்கள்: ஒவ்வொரு காயையும் சமைப்பதற்கு முன் சிறு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் என்னும் நஞ்சு சமைத்தாலும் போகாது. கசப்புச் சுரைச் சாறு குடித்து உயிரிழந்தவர்களும் உண்டு.