டேவிட் என்றால் ஆள் மாறிவிட்டாரா?

கேள்வி: மேல்படிப்புக்கு அமெரிக்கா, இங்கிலாந்து போகும் சீன மாணவர்கள் பெயரைக்கூட டேவிட், ஜென்னி என்று மாற்றிக்கொள்கிறார்கள். ஆங்கில மோகத்தில் அடையாளத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்கிறேன், சரிதானே? (வாசகர், திருச்சி)

பதில்: தீர்ப்பை நீங்களே எழுதிவிட்டு என்னிடம் கையெழுத்து கேட்கிறீர்கள். போட மாட்டேன்.

முதலில் பெயர். ஒரு ஆளுக்கு ஒரு பெயர்தான் என்ற கணக்கு பழைய சீனாவில் கிடையாது. குழந்தைக்கு வீட்டில் ஒரு பால்பெயர், பள்ளிக்கு ஒன்று, இருபது வயதானால் வெளியார் மரியாதையாக அழைக்க இன்னொன்று. டேவிட்டும் அந்த வரிசையில் வந்து சேர்ந்தவர்தான். பலருக்கு அது ஊரிலேயே ஆங்கில வாத்தியார் வைத்துவிட்ட பெயர். கியூ, எக்ஸ் என்று தொடங்கும் பெயரை வருகைப் பதிவில் பார்த்துப் பேராசிரியர் தினமும் விழித்தால், யாருக்குத்தான் சலிக்காது?

உங்கள் கவலைக்கு வயது நூற்றைம்பது. 1872 முதல் சீன அரசு 120 சிறுவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. கனெக்டிகட் மாநிலத்துப் பக்கம் அமெரிக்கக் குடும்பங்களோடு தங்கிப் படித்தார்கள். பேஸ்பால் ஆடினார்கள், சர்ச்சுக்குப் போனார்கள், சீன ஆண்களுக்கு அன்று அரசு கட்டாயமாக்கியிருந்த சடையையும் சிலர் வெட்டிக்கொண்டார்கள். 'பயல்கள் கைவிட்டுப் போய்விட்டார்கள்' என்று பீகிங்கில் (இன்றைய பெய்ஜிங்) பழமைவாதிகள் கொதித்தார்கள். அமெரிக்க ராணுவக் கல்லூரிகள் இடம் தர மறுத்ததும் சேர்ந்துகொள்ள, 1881இல் படிப்பு முடியாதவர்களையும் திரும்ப அழைத்துக்கொண்டது அரசு. அந்தக் 'கைவிட்டுப் போன' கூட்டத்தில் ஒருவர்தான் பொறியாளர் ஜான் தியான்யூ (இந்த 'ஜான்' ஆங்கிலப் பெயர் இல்லை, சீனக் குடும்பப் பெயர்). பீகிங்கிலிருந்து ஜாங்ஜியாகோ நகருக்கு, வெளிநாட்டுப் பொறியாளர் துணையில்லாமல், 1909இல் ரயில்பாதை போட்டு முடித்தவர்!

அப்புறம் சீன எழுத்தாளர், சிந்தனையாளர் ஹு ஷி. 1910இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ('ஷி' என்பதும் அவர் வைத்துக்கொண்ட பெயர்தான். 'தக்கது பிழைக்கும்' என்ற தொடரின் சீன வடிவிலிருந்து எடுத்தது.) ஆங்கிலத்திலேயே படித்து, பேசி, எழுதிக்கொண்டிருந்தவர் அங்கே சக சீன மாணவர்களோடு எதைப் பற்றிச் சண்டை போட்டார் தெரியுமா? சீன மொழியைப் பற்றி! செத்துப்போன பண்டித நடை போதும், வாயில் பேசுகிற சீனத்தில் எழுதுவோம் என்று. இதை வலியுறுத்தி அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1917இல் வெளியானபோது அவர் அமெரிக்காவில்தான் இருந்தார்.

சரி, இன்றைய மாணவனுக்குச் சிக்கலே இல்லையா? இருக்கிறது, நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். இலக்கணத்தை உருப்போட்டு அள்ளிவிடுவான், வாய் மட்டும் திறக்காது. சீனர்களே இதை 'ஊமை ஆங்கிலம்' என்கிறார்கள். ஊரில் நண்பர் கூட்டத்தையே சிரிக்க வைத்தவன், அங்கே வகுப்பில் மனதுக்குள் வாக்கியத்தைக் கூட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். 'சீனர்கள் அமைதியானவர்கள்' என்று முத்திரையும் குத்திவிடுவார்கள். அவன் சுபாவம் அது இல்லை என்று சொல்லவும் ஆங்கிலம்தான் வேண்டும்.

அடுத்த முறை ஒரு டேவிட்டைப் பார்த்தால் விசாரியுங்கள்: பெயர் மாறியது வலித்ததா, ஒரு ஜோக் சொல்ல முடியாமல் போனது வலித்ததா என்று.