பெரிய பேய்ப் படங்களெல்லாம் பார்த்தாயிற்று. அதிகம் பேசப்படாத, உண்மையிலேயே பயமுறுத்தும் படங்கள் எவை?

எக்ஸார்சிஸ்ட், கான்ஜுரிங், ரிங் எல்லாம் முடித்துவிட்டேன், இப்போது எதைப் பார்த்தாலும் பயமே வருவதில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ உங்கள் மனம் மரத்துப்போனதாகத் தோன்றவில்லை. உங்கள் காது பழகிவிட்டது, அவ்வளவுதான். இசை நிற்கும், நாயகி கதவைத் திறப்பாள், உள்ளே ஒன்றும் இருக்காது, பெருமூச்சு விட்டுத் திரும்புவாள், டமார்! பத்துப் படம் பார்த்தவருக்கு அந்த டமார் எத்தனையாவது நொடியில் வரும் என்று தெரிந்துவிடும்.

அந்தத் தாளத்துக்குள் அடங்காத படங்களைத்தான் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்ளவில்லை. ட்ரெய்லர் வெட்ட வாகான காட்சி அவற்றில் இருக்காது. பேயைச் சத்தமில்லாமல் பிரேமின் ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, நாமே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். நான் சொல்லப்போகிறவை பெரும்பாலும் அந்த ரகம். முடிவுகளைப் போட்டு உடைக்கமாட்டேன்.

முதலில் லேக் முங்கோ. 2008-ல் வந்த ஆஸ்திரேலியப் படம், இயக்கம் ஜோயல் ஆண்டர்சன். ஆலிஸ் என்ற பதினாறு வயதுப் பெண், குடும்பத்தோடு ஓர் அணைக்குக் குளிக்கப் போன இடத்தில் மூழ்கி இறந்துவிடுகிறாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடப்பதை அம்மா, அப்பா, சகோதரன் மூவரும் கேமரா முன் உட்கார்ந்து சொல்கிறார்கள். படம் முழுக்க ஆவணப்படம் போலவே போகும். நடிகர்களுக்கு எழுதிவைத்த வசனம் கிடையாது. சூழலைச் சொல்லிப் பேசவிட்டிருக்கிறார்கள். அதனால்தான் அந்த அம்மா ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, பாதியில் விட்டு, வேறெதையோ பார்க்கும்போது நமக்கு நடிப்பு என்றே தோன்றுவதில்லை. சகோதரன் வீட்டில் கேமராக்களை வைக்கிறான், படங்களில் ஏதோ உருவம் விழுகிறது. பாதியிலேயே அதற்கு ஒரு சாதாரண விளக்கமும் கிடைத்துவிடும். ‘அப்பாடா, இவ்வளவுதானா’ என்று சாய்ந்து உட்காருவீர்கள். படமே அங்கேதான் சூடுபிடிக்கிறது.

பிற்பகுதியில் ஒரு செல்போன் காட்சி வரும். பழைய போன், புள்ளி புள்ளியாக மங்கலான படம், இருட்டு. தூரத்தில் வெளிறிய ஏதோ ஒன்று நம்மை நோக்கி நடந்து வருகிறது. வெட்டு கிடையாது, திடீர்ச் சத்தமும் கிடையாது. அது என்ன என்று புரிவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ, அவ்வளவு நேரமும் வயிற்றைப் பிசைகிறது. அப்புறம், கடைசியில் பெயர்கள் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள். நீங்கள் ஏற்கெனவே பார்த்த காட்சிகளையே மறுபடி காட்டுவார்கள், ஆனால் இந்த முறை வேறு இடத்தைப் பார்க்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் இந்தப் படத்தை ரத்தக்களரிப் படங்களை வரிசையாகத் திரையிடும் ஒரு திகில் விழாவில் சேர்த்து வெளியிட்டார்கள். கோடாரியும் கத்தியும் எதிர்பார்த்துப் போனவர்களுக்கு, மகளை இழந்த ஒரு குடும்பம் பேசிக்கொண்டே இருந்தால் எப்படிப் பிடிக்கும்?

இதற்கு மூத்த சொந்தம் தி இன்னசன்ட்ஸ், 1961. ஹென்றி ஜேம்ஸின் குறுநாவலை வைத்து ஜாக் கிளேட்டன் இயக்கியது. திரைக்கதையில் ட்ரூமன் கபோட்டியின் கையும் உண்டு. பெரிய மாளிகைக்கு இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆசிரியையாக டெபோரா கெர். கறுப்பு வெள்ளை என்று தள்ளிவிடாதீர்கள், இந்தப் படத்துக்கு அது பெரிய பலம். ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸுக்கு அகலத்திரை வேண்டாமென்றுதான் இருந்தது, ஸ்டுடியோ விடவில்லை. அவர் என்ன செய்தார் என்றால், ஓரங்களில் வண்ணம் பூசிய ஃபில்டர்களை வைத்துத் திரையின் இரு பக்கங்களையும் இருட்டாக்கிவிட்டார். நடுவில் வெளிச்சம், ஓரத்தில் என்ன நிற்கிறது என்று தெரியாது. கண் தானாக ஓரத்துக்குப் போகும். ஆனால் படத்தில் என்னைப் படுத்திய காட்சி நடந்தது பட்டப்பகலில். குளத்துக்கு அக்கரையில், நாணல்களுக்கு நடுவே கறுப்பு உடையில் ஒரு பெண் சும்மா நிற்கிறாள். ஒன்றும் செய்வதில்லை. இது போதாதா!

ஜப்பானில் கியோஷி குரோசாவா 2001-ல் எடுத்த கைரோவுக்கும் இதே குணம். இணையம் வழியாக ஆவிகள் நம் உலகத்துக்குள் வருகின்றன என்பது கதை. கேட்டால் சிரிப்பு வரும், பார்த்தால் வராது. சிவப்பு டேப் ஒட்டி அடைத்த ஓர் அறைக்குள் ஒருவன் போகிறான். சுவரோரம் நிற்கும் பெண்ணுருவம் அவனை நோக்கி மெதுவாக நடந்து வருகிறது. நடுவில் கால் மடங்கி, விழப்போவது போலச் சரிந்து, மறுபடி நிமிர்ந்து நடக்கிறது. மனித உடம்பு தடுமாறுகிற விதமே இல்லை அது. ஓடிவரும் ஆயிரம் பேய்களைவிட அந்த ஒரு தடுமாற்றம் மோசமானது. கதை பல இடங்களில் பிடிபடாது, வேகமும் குறைவு. அந்தக் குறையை மறைக்கமாட்டேன். ஆனால் தனிமையை இவ்வளவு பயங்கரமாகக் காட்டிய படம் குறைவு. 2006-ல் பல்ஸ் என்ற பெயரில் ஹாலிவுட் ரீமேக் வந்தது. தெரியாமல் அதைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

அதே 2001-ல் அமெரிக்காவில் வந்தது செஷன் 9, இயக்கம் பிராட் ஆண்டர்சன். (பின்னாளில் கிறிஸ்டியன் பேலை எலும்பும் தோலுமாக நடிக்கவைத்து தி மெஷினிஸ்ட் எடுத்தவர்.) கைவிடப்பட்ட மனநல மருத்துவமனையில் ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் வேலைக்கு ஐந்து பேர் வருகிறார்கள். ஒரே வாரத்தில் முடித்துத்தருகிறேன் என்று முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார், அவருக்குப் பணத்தேவை. அதில் ஒருவனுக்கு மருத்துவமனையின் பழைய ஒலிநாடாக்கள் கிடைக்கின்றன. ஒரு நோயாளியோடு மருத்துவர் பேசிய ஒன்பது அமர்வுகள். அவன் தினமும் ஒன்றாகப் போட்டுக் கேட்கிறான், நாமும் கேட்கிறோம்.

படம் எடுத்தது நிஜமான டான்வர்ஸ் மருத்துவமனையில். மாசசூசெட்ஸில் 1878-ல் திறந்து 1992-ல் மூடிய இடம். பெயர்ந்து தொங்கும் சுவர்ப் பூச்சைக் கலை இயக்குநர் செய்யவேண்டிய அவசியமே இருந்திருக்காது. பிறகு பெரும்பகுதியை இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். அங்கே குடியிருப்பவர்கள் இந்தப் படத்தைப் பார்த்திருப்பார்களா என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஐந்து பேரில் இளையவனுக்கு இருட்டென்றால் பயம். நிலத்தடிச் சுரங்கப்பாதையில் அவன் நிற்கும்போது ஜெனரேட்டர் அடங்குகிறது, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வருகின்றன, அவன் வெளிச்சத்தோடு போட்டிபோட்டு ஓடுகிறான். பேய் இல்லை, ரத்தம் இல்லை, விளக்கு அணைவதுதான் காட்சி.

எக்ஸார்சிஸ்ட் பார்த்துவிட்டேன் என்றீர்களே, மூன்றாவதைப் பார்த்தீர்களா? பெரும்பாலானோர் 1977-ல் வந்த இரண்டாம் பாகத்தோடு வெறுத்துப்போய் நிறுத்திவிட்டார்கள். எக்ஸார்சிஸ்ட் 3, மூல நாவலை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டியே 1990-ல் இயக்கியது. தன்னுடைய லீஜன் என்ற வேறொரு நாவலைத்தான் அவர் படமாக்கினார். எக்ஸார்சிஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டுப் பேயோட்டும் காட்சி இல்லாமல் எப்படி என்று ஸ்டுடியோ அடம்பிடித்து, கடைசியில் ஒன்றைச் சேர்க்கவைத்தது. அந்தச் சேர்க்கை ஒட்டுப்போட்டது போலத் துருத்திக்கொண்டு தெரியும். ஆனால் இதே படத்தில் ஆஸ்பத்திரித் தாழ்வாரக் காட்சி ஒன்று உண்டு. கேமரா ஒரு கோடியில் அசையாமல் நிற்கிறது. தூரத்தில் ஒரு நர்ஸ் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காவலர்கள் வருகிறார்கள், போகிறார்கள். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. இதற்கு மேல் சொல்லமாட்டேன். அந்தத் துண்டை மட்டும் இணையத்தில் தேடிப் பார்த்துவிடாதீர்கள், முன்னால் இருக்கும் ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் அது வெறும் துண்டுதான்.

இதில் நாயகனாக வரும் ஜார்ஜ் சி. ஸ்காட், பத்து வருடம் முன்பு தி சேஞ்ச்லிங் (1980) என்ற கனடாப் படத்திலும் நடித்தார். 2008-ல் ஏறக்குறைய அதே பெயரில் ஏஞ்சலினா ஜோலி படம் ஒன்று வந்தது, அதைத் தவறுதலாகப் போட்டுவிடாதீர்கள். மனைவியையும் மகளையும் விபத்தில் இழந்த இசையமைப்பாளர் பழைய பெரிய வீட்டுக்குக் குடிவருகிறார். மகளின் சிவப்புப் பந்து மாடிப்படியில் தானாக உருண்டு வருகிறது. அதை எடுத்துப்போய் ஆற்றில் வீசிவிட்டுத் திரும்புகிறார். கதவைத் திறந்து உள்ளே வந்தால், படியில் அதே பந்து குதித்து இறங்குகிறது, ஈரமாக. கடைசி மூன்றிலொரு பங்கில் படம் துப்பறியும் கதையாகிவிடுவது எனக்கு ஏமாற்றம்தான். இருந்தாலும் அதற்கு முன்னால் வரும் ஆவியோடு பேசும் காட்சியும், அதன் ஒலிப்பதிவை அவர் தனியாக உட்கார்ந்து கேட்பதும் அருமை.

காதுக்கு மட்டுமே வேலை வேண்டுமென்றால் பாண்டிபூல் (2008). கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரு வானொலி நிலையத்துக்குள். வெளியே ஊர் பைத்தியம் பிடித்து அலைவது, தொலைபேசியில் வரும் குரல்கள் வழியாகத்தான் நமக்குத் தெரியும். ஹெலிகாப்டரிலிருந்து பேசுவதாகச் சொல்லிப் போக்குவரத்துச் செய்தி தரும் நிருபர், உண்மையில் குன்றின் மேல் காரை நிறுத்திவிட்டு ஹெலிகாப்டர் சத்தத்தைப் போட்டுப் பேசுகிறவர். சிரித்து முடிப்பதற்குள் அந்த ஆளின் குரல் நடுங்க ஆரம்பித்துவிடும். ஹெட்போனில் பாருங்கள்.

மந்திர தந்திரம் பிடிக்குமென்றால் எ டார்க் சாங் (2016) பார்க்கலாம். மாதக்கணக்கில் நீளும் ஒரே ஒரு சடங்கு, ஒரு வீடு, இரண்டு பேர். சடங்கை அலுவலக வேலை போல அலுப்பும் சண்டையுமாகக் காட்டியது புதுசு. முடிவு பாதிப் பேருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடித்தது.

முதலில் எதைப் போடுவது என்றால், வெளிநாட்டுப் படங்களின் மெதுவான நடைக்குப் பழக்கமில்லாதவர் செஷன் 9-ல் தொடங்கலாம், அப்புறம் லேக் முங்கோ. கைரோவைக் கடைசிக்கு வையுங்கள். எல்லாவற்றிலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்காருங்கள், தலை குனிந்த நேரத்தில்தான் மூலையில் ஏதாவது நின்றுவிட்டுப் போயிருக்கும்.

பேயே வேண்டாம், மனிதனே போதும் என்றால் டச்சு இயக்குநர் ஜார்ஜ் ஸ்லைசரின் ஸ்பூர்லூஸ் (1988). காதலி ஒரு பெட்ரோல் பங்கில் காணாமல் போகிறாள், காதலன் வருடக்கணக்கில் தேடுகிறான். கடத்தியவன் யாரென்று படம் சீக்கிரமே காட்டிவிடுகிறது. அவன் தனியாக ஒத்திகை பார்த்து, நாடித்துடிப்பை எண்ணிக் குறித்துக்கொள்வதையும் காட்டுகிறது. 1993-ல் அதே இயக்குநரே அமெரிக்காவில் திரும்ப எடுத்து முடிவை மாற்றிவிட்டார். பழையதைத்தான் பாருங்கள்.